கண் நிற்கும் இடம், கை எட்டும் தூரம்

அட்வெஞ்சர் கேம் எனப்படும் சாகச விளையாட்டில் ஒரு கதை இருக்கும், அந்தக் கதை நடக்க ஓர் உலகம் இருக்கும். ஆட்டக்காரர் அதற்குள் அலைந்து திரிந்து, பொருள்களைத் தேடி, புதிர்களை அவிழ்த்து, எதிர்ப்படுபவர்களிடம் பேசிக் கதையை நகர்த்திக்கொண்டு போவார். சுட்டுத் தள்ளுவதும் பந்தயத்தில் முந்துவதும் இந்த வகையில் பெரிய விஷயமில்லை. தெரியாத இடத்துக்குள் நுழைந்து அங்கே என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் இதன் சுவை இருக்கிறது. எனவே, அந்த இடத்தில் தானே இருப்பதாக ஆட்டக்காரர் உணராவிட்டால் கேம் எடுபடாது. நேரம் போவது தெரியாமல், கையில் இருக்கும் போனோ கண்ட்ரோலரோ நினைவில் இல்லாமல் கதைக்குள் போய்விடும் இந்த ஒன்றிப்போதலை உண்டாக்க எத்தனையோ வழிகள் உண்டு. அவற்றில் இரண்டு முடிவுகள் அடித்தளமானவை. ஆட்டக்காரரின் கண்ணை, அதாவது கேமராவை, எங்கே நிறுத்துவது என்பது ஒன்று. அவருடைய கை எதையெல்லாம் செய்யலாம் என்பது மற்றொன்று. இந்த இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் மிக எளிய படங்கள்கூட ஆளை உள்ளே இழுத்துவிடும். ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் இழுத்தால், கோடிக்கணக்கில் செலவழித்து வரைந்த காடும் வெறும் படமாகவே நின்றுவிடும்.

கேமராவின் வேலையைப் புரிந்துகொள்ள, கந்தர்வக்கோட்டையில் நடக்கும் ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் வந்த ஒரு சிறுமி அங்கே இறங்குகிறாள். இறங்கிய கூட்டத்தில் தம்பியைக் காணோம். கேமரா அவள் கண்ணிலேயே இருந்தால், பெரியவர்களின் இடுப்பும் கையில் தொங்கும் பைகளும் திரையை அடைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள்தான். அவளுடைய பதற்றம் ஆட்டக்காரரின் பதற்றமாகவே ஆகிவிடும், ஆனால் அவள் முகம் ஒருபோதும் தெரியாது. கேமரா அவள் தோளுக்குப் பின்னால் வந்தால், ரெட்டைச் சடையும் தடுமாறும் நடையும் தெரியும். ஆட்டக்காரர் அவளுக்குத் துணையாகக் கூடவே நடப்பவர் ஆகிறார். டீக்கடைக் கூரையின் மூலையில் அசையாமல் நின்றால், அவள் தெருக்கோடியில் சின்ன உருவமாகத் தெரிவாள். யாரோ ஒளிந்திருந்து அவளைக் கவனிப்பதுபோன்ற ஒரு சந்தேகம் தானாக வந்துசேரும். வானத்திலிருந்து பார்த்தால் சாலையும் சந்துகளும் வரைபடம்போல விரியும். தம்பி எந்தச் சந்தில் நிற்கிறான் என்பது அவளுக்கு முன்பே ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும், அதன்பின் பயத்தின் இடத்தில் வழி கண்டுபிடிக்கும் கணக்கு வந்து உட்காரும். கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கேமராவை மாற்றியதும் உணர்ச்சி மாறிவிட்டது.

இந்த வகை கேம் பிறந்தபோது கேமராவே இல்லை. 1970-களின் நடுவில், அமெரிக்காவில் வில் கிரவுதர் என்ற புரோகிராமர் ‘கொலாசல் கேவ் அட்வெஞ்சர்’ என்ற கேமை எழுதினார். அவர் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்டவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைப் பகுதியில் தாம் இறங்கிப் பார்த்த இடங்களையே கேமில் வைத்தார். 1977-இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். திரையில் எழுத்துகள் மட்டுமே வரும். நீங்கள் இன்ன இடத்தில் நிற்கிறீர்கள், வடக்கே ஒரு வழி இருக்கிறது என்று கேம் சொல்லும். போ, எடு, திற என்று ஆட்டக்காரர் டைப் செய்வார். படம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ‘நீங்கள்’ என்று முன்னிலையில் அழைத்ததால் குகையின் இருட்டை ஆட்டக்காரரே மனத்தில் வரைந்துகொண்டார். இடையூறு கையிடமிருந்து வந்தது. கேமுக்குத் தெரிந்த சில சொற்களைத் தவிர வேறு எதை டைப் செய்தாலும் புரியவில்லை என்ற பதில்தான் வரும். சரியான வினைச்சொல் எது என்று ஊகிப்பதே ஒரு புதிராகிவிடும். அந்தக் கணத்தில் குகை மறைந்து கம்ப்யூட்டர் முன்னால் வந்து நிற்கும்.

1980-இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் ‘மிஸ்டரி ஹவுஸ்’ கேமில் கோட்டோவியங்களைச் சேர்த்தார்கள். 1984-இல் அவர்களுடைய ‘கிங்ஸ் குவெஸ்ட்’ வந்தபோது கதாநாயகன் திரையில் நடமாடத் தொடங்கினான். மரத்துக்கு முன்னால் நடந்தால் மரத்தை மறைத்தான், பின்னால் போனால் மரம் அவனை மறைத்தது. தட்டையான திரைக்கு ஆழம் வந்துவிட்டது. 1987-இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ டைப் செய்யும் தொல்லையை ஒழித்தது. செய்யக்கூடிய வினைகளைத் திரையின் கீழே வரிசையாக எழுதி வைத்து, மவுஸால் தொட்டால் போதும் என்றாக்கியது. கை சுதந்திரம் இழந்தது என்று சிலர் குறைபட்டார்கள். ஆனால் எது முடியும், எது முடியாது என்பது கண்ணெதிரே இருந்ததால், கேம் தன்னை ஏமாற்றுகிறது என்ற எரிச்சல் போனது. அது பெரிய லாபம்தான்.

ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்களின் சியான் நிறுவனம் உருவாக்கி, 1993-இல் வெளிவந்த ‘மிஸ்ட்’ இந்த வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஆள் அரவமற்ற ஒரு தீவு. கேமரா ஆட்டக்காரரின் கண்ணில். கதாநாயகனுக்கு முகமில்லை, உடலில்லை. நடப்பது என்பது ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவுவதுதான். இன்றைய கணக்கில் அது ஒரு ஸ்லைடு ஷோ. இருந்தும் அலையோசையும் காற்றும் இயந்திரங்களின் முனகலும் பின்னணியில் ஓட, ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் அந்தத் தீவில் கிடந்தார்கள். அறுபது லட்சத்துக்கும் மேல் விற்ற இந்த கேம், 2002-இல் ‘தி சிம்ஸ்’ முந்தும்வரை கம்ப்யூட்டர் கேம்களின் விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. கையும் கண்ணும் ஒத்துப்போனதில்தான் அதன் பலம். தனியாக ஒரு தீவில் நிற்பவர் என்ன செய்வார்? சுற்றிப் பார்ப்பார், நெம்புகோலை இழுத்துப் பார்ப்பார், கிடைத்த புத்தகத்தைப் புரட்டுவார். ‘மிஸ்ட்’ கேட்டதும் அவ்வளவுதான். சாவு இல்லை, நேரக் கெடு இல்லை, கையில் இல்லாத திறமை எதையும் அது எதிர்பார்க்கவில்லை.

கேமரா பாத்திரத்தின் கண்ணிலேயே நிற்கும் இந்த முதல் நபர் பார்வையில் ஒன்றிப்போதல் கூடும் என்பதற்கு ஆய்வும் துணை நிற்கிறது. பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தின் அலெனா டெனிசோவாவும் பால் கெய்ர்ன்ஸும் 2015-இல் வெளியிட்ட சோதனையில், ஆட்டக்காரர்களுக்கு எந்தப் பார்வை பிடிக்கும் என்பது எப்படியிருந்தாலும், முதல் நபர் பார்வையில் ஆடியபோதே அதிகம் ஒன்றியிருந்தார்கள் என்று தெரிந்தது. அதற்கு ஓர் உடலியல் பின்னணியும் உண்டு. 1998-இல் மேத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் என்ற இரு அறிவியலாளர்கள் ஒருவரின் உண்மையான கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, அவர் கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சிறிது நேரத்தில், ரப்பர் கையே தன் கை என்ற உணர்வு பலருக்கு வந்துவிட்டது. கண் காண்பதும் தோல் உணர்வதும் ஒரே தாளத்தில் நடந்தால் மூளை ரப்பரையும் தன் உடலோடு சேர்த்துக்கொள்ளும். தாளம் தவறினால் அந்த மயக்கம் குறைந்துவிடும். பட்டனை அழுத்தியதும் திரையில் கை நீளும் ஒவ்வொரு கேமும் இதே மயக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது. கேம் சற்றே தாமதித்துப் பதில் தரும்போது ஆட்டக்காரர்கள் அவ்வளவு எரிச்சலடைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் இதிலிருந்து எல்லா கேமுக்கும் முதல் நபர் பார்வையே சிறந்தது என்று முடிவு கட்டுவது தவறு. ஒன்றிப்போதல் ஒரே சரக்கு அல்ல. பின்லாந்து ஆய்வாளர்கள் லாரா எர்மியும் ஃபிரான்ஸ் மைரேவும் 2005-இல் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: கண்ணும் காதும் நிறைந்துபோவதால் வருவது ஒன்று, சவாலில் ஆழ்வதால் வருவது ஒன்று, கதையோடும் பாத்திரத்தோடும் மனம் சேர்வதால் வருவது ஒன்று. முதல் நபர் கேமரா முதல் வகைக்கு வலுவானது. மூன்றாவது வகைக்குப் பாத்திரத்தின் முகமும் உடலும் தெரிவது பல நேரம் அவசியம்.

கண் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடந்தாலும் மனம் ஒன்றும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தைத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பவர், இரவெல்லாம் ஒரே கோணத்தில்தான் பார்க்கிறார். பபூன் எனப்படும் கோமாளி மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்து நேராகப் பேசும்போது, பார்ப்பவரும் நாடகத்துக்குள் வந்துவிடுகிறார்.

நிலையான கேமராவைப் பயத்துக்காகப் பயன்படுத்திய கேம்களில் 1996-இல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ முக்கியமானது. ஒரு பழைய மாளிகை. ஒவ்வொரு அறையிலும் நடைவழியிலும் கேமராவை எங்கே வைப்பது என்று வடிவமைப்பாளர்களே முடிவு செய்துவிட்டார்கள். உச்சியில் ஒரு மூலை, தரையோடு தரையாக ஒரு கோணம், ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு பார்வை. நடைவழி திரும்பும் இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காட்டாத கோணத்தையே தேடி வைத்தார்கள். கால் இழுபடும் சத்தம் முதலில் கேட்கும். உருவம் பிறகுதான் வரும். கேமராவைத் திருப்பிப் பார்க்கும் உரிமை ஆட்டக்காரருக்கு இல்லை, அந்த இயலாமைதான் பயம்.

இங்கே கைக்கு ஒரு சிக்கல் முளைத்தது. கேமரா சட்டென்று எதிர்ப்பக்கத்துக்கு மாறினால், வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த பாத்திரம் திரையில் இடப்பக்கம் ஓடுவதாகத் தெரியும். ஆட்டக்காரர் குழம்பி வந்த வழியே திரும்பி ஓடுவார். இதைத் தவிர்க்க, மேல் பட்டனை அழுத்தினால் பாத்திரம் தன் முகம் பார்க்கும் திசையில் முன்னேறும், பக்கப் பட்டன்கள் நின்ற இடத்தில் திருப்பும் என்று வைத்தார்கள். கேமரா எங்கே தாவினாலும் ‘முன்னால்’ என்பது மாறாது. பீரங்கி வண்டியை ஓட்டுவதுபோல இருக்கிறது என்று பலர் திட்டினார்கள். இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் அது அறியப்படுகிறது. கண்ணைப் பறித்த ஒரு முடிவின் விலையைக் கை கொடுத்தது. ஆனால் அந்தத் திணறலும் பயத்துக்கே உரமானது. பிற்பாடு 2005-இல் வந்த நான்காம் பாகம் கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து ஆட்டக்காரருக்குக் குறிபார்க்கும் வசதியைத் தந்தது. பயம் சற்றுக் குறைந்து வேகம் கூடியது. 2017-இல் ஏழாம் பாகம் கேமராவைக் கண்ணுக்குள்ளேயே வைத்து, பயத்தை மீண்டும் நெருங்கக் கொண்டுவந்தது. ஒரே தொடர் மூன்று கேமராக்களையும் முயன்று பார்த்திருப்பதால், இந்தப் பாடத்தைக் கற்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இந்தியாவில் நிலையான கேமராவைக் கதைக்கு ஏற்றவிதமாகக் கையாண்ட கேம் ‘ராஜி: ஆன் ஏன்ஷியண்ட் எபிக்’. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கிய இது, 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சிலும் அக்டோபரில் மற்ற தளங்களிலும் வெளிவந்தது. சர்க்கஸில் வளர்ந்த ராஜி என்ற சிறுமி, அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொள்வதாகக் கதை சொல்லப்படுகிறது. கேமரா உயரத்திலும் தூரத்திலும் இருக்கிறது. ஆட்டக்காரரால் அதைத் திருப்ப முடியாது. ராஜஸ்தானத்து அரண்மனைகளை நினைவூட்டும் மண்டபங்களின் ஓரத்தில் ராஜி ஓடும்போது, கேமரா இன்னும் பின்வாங்கி, பிரம்மாண்டமான கட்டடத்தில் அவளை ஒரு புள்ளியாக்கிக் காட்டும். அவளுக்கு முன்னால் இருக்கும் வேலை எவ்வளவு பெரியது என்பதை வசனம் இல்லாமலே சொல்லும் இடங்கள் அவை.

அந்தத் தூரத்துக்கு ஒரு பொருத்தமும் உண்டு. கதையைச் சொல்பவர்கள் தெய்வங்கள், அவர்கள் மேலிருந்து பார்க்கிறார்கள். ஆட்டக்காரரின் கண்ணும் அங்கேயே இருக்கிறது. சுவர்களில் பஹாடி ஓவியப் பாணியில் தீட்டிய படங்கள் வரும்; அருகில் போய் நின்றால் கேமரா அவற்றை நோக்கி நகர, புராணக் கதை ஒலிக்கும். இடைக்காட்சிகளில் நிழற்பாவைக் கூத்தின் சாயல் இருக்கும். கைக்குத் தரப்பட்டிருப்பது ஒரு சர்க்கஸ் சிறுமியின் உடல்: தாவுதல், தூணைப் பிடித்துச் சுழலுதல், சுவரில் ஓடுதல். மேலிருந்து பார்க்கும் நிலையான கேமராவில் இரண்டு விளிம்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கணிப்பது கடினம் என்பதால், தாவல் தவறி விழும் இடங்களில் ஆட்டக்காரருக்கு ராஜி அந்நியமாகிறாள். பார்க்க அழகான கோணம் தாவ வசதியான கோணமாக இருப்பதில்லை. இந்த வகை கேம்கள் எல்லாமே இந்த இழுபறியோடுதான் வாழ்கின்றன.

பாத்திரத்தைப் பின்தொடரும் கேமராவிலும் தொல்லை உண்டு. 1996-இல் வந்த ‘சூப்பர் மாரியோ 64’ கேமராவைத் திருப்பும் உரிமையை ஆட்டக்காரருக்குத் தந்தபோது, அது அந்த நாளில் புதிதாக இருந்ததால், மேகத்தின்மேல் உட்கார்ந்து கேமரா பிடிக்கும் லாக்கிட்டு என்ற பாத்திரத்தையே கேமுக்குள் காட்டிப் புரியவைத்தார்கள். குறுகிய அறையில் கேமரா சுவருக்குள் புகுந்துவிடாமல் இருக்க, அதை முன்னே இழுப்பது, இடையில் வரும் தூணை மங்கலாக்குவது என்று இன்றைக்கும் கேம் செய்பவர்கள் மெனக்கெடுகிறார்கள். ஆட்டக்காரர் கேமராவைப் பற்றி நினைக்காமலே ஆடி முடித்தால், அந்த வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.

இனி கையின் பக்கம். கேமில் பட்டன் எத்தனை, செய்யக்கூடியவை எத்தனை என்ற எண்ணிக்கை ஒன்றிப்போதலைத் தீர்மானிப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜேனட் மரே 1997-இல் எழுதிய நூலில், ஒரு செயலைச் செய்து அதன் விளைவைக் கண்ணெதிரே காணும் நிறைவை ஒன்றிப்போதலோடு சேர்த்து வைத்துப் பேசினார். விளைவு இல்லாத பத்துச் செயல்களைவிட, விளைவுள்ள ஒரு செயல் போதும். 2012-இல் டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ கேமில் ஆட்டக்காரர் பெரும்பாலும் செய்தது பேசுவதுதான். நான்கு பதில்களில் ஒன்றைச் சில நொடிகளில் தேர்ந்தெடுக்க வேண்டும். எதையும் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படும். பேசாமல் இருந்ததையும் எதிரே நிற்பவர் கவனிக்கிறார் என்பது ஆட்டக்காரரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

2010-இல் வந்த ‘ஹெவி ரெய்ன்’ வேறு ஒன்றை முயன்றது. கேமரா முழுக்க முழுக்கச் சினிமாவாக இருந்தது. கைக்கோ முகச் சவரம் செய்வது, பல் துலக்குவது போன்ற அன்றாடச் செயல்கள் தரப்பட்டன. சில இடங்களில் இது அருமையாகப் பலித்தது. மெதுவாகச் செய்ய வேண்டியதைக் கையும் மெதுவாகவே அசைத்துச் செய்தபோது பாத்திரத்தின் அலுப்பு ஆட்டக்காரருக்கும் வந்தது. ஆனால் கூட்டத்தில் மகனைத் தொலைத்த தகப்பன் அவன் பெயரைச் சொல்லிக் கத்த, ஆட்டக்காரர் ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தும் காட்சி, அழ வேண்டிய இடத்தில் பலரைச் சிரிக்க வைத்துவிட்டது. கண் ஒரு துயரத்தைப் பார்க்க, கை ஒரு விளையாட்டுச் சாமானைத் தட்டிக்கொண்டிருந்தது.

கையாலேயே துயரத்தைச் சொன்ன கேமும் உண்டு. 2013-இல் ஸ்வீடனில் உருவான ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ கேமில் அண்ணனை இடக்கையும் தம்பியை வலக்கையும் இயக்கும். தண்ணீரைக் கண்டால் பயப்படும் தம்பி, அண்ணன் முதுகைப் பற்றிக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். அண்ணன் இறந்தபின் இடக்கைக்கு வேலையே இல்லாமல் போகிறது. கடைசியில் தம்பி தனியாக வெள்ளத்தின் முன் நிற்கும்போது, வலக்கையால் எதைச் செய்தாலும் அவன் தண்ணீரில் இறங்க மாட்டான். ஆட்டக்காரர் தயங்கித் தயங்கி, அண்ணனுக்குரிய இடக்கைப் பட்டனை அழுத்துகிறார். தம்பி நீந்துகிறான். படமாக எடுத்திருந்தால் இதற்குப் பக்கம் பக்கமாக வசனம் தேவைப்பட்டிருக்கும். இங்கே ஒரு விரல் போதுமானதாயிற்று.

கேமராவும் கையும் சேர்ந்து ஒரே காட்சியில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, 2017-இல் வந்த ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்’ கேமின் மீன் தொழிற்சாலைக் காட்சியைச் சொல்ல வேண்டும். லூயிஸ் என்ற இளைஞன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். கேமரா அவன் கண்ணில் இருக்கிறது. ஆட்டக்காரர் வலப்பக்க ஜாய்ஸ்டிக்கால் அவன் கையை அசைத்து, மீனை எடுத்து, கத்திக்கு நேராக வைத்துத் தலையை வெட்டி, நகரும் பட்டையில் தள்ள வேண்டும். அடுத்த மீன், மறுபடி அடுத்த மீன். அலுப்பில் லூயிஸ் பகல்கனவு காணத் தொடங்குகிறான். திரையின் ஒரு மூலையில் மேலிருந்து பார்க்கும் ஒரு சின்ன வழிப்புதிர் தோன்றுகிறது. அதில் நடக்கும் உருவத்தை இடப்பக்க ஜாய்ஸ்டிக்கால் நடத்தலாம். வலக்கை மீன் வெட்டுவதை நிறுத்தக் கூடாது. கனவு மெல்ல மெல்லப் பெரிதாகிறது. கேமரா உயரத்திலிருந்து இறங்கி அந்த உருவத்தின் பின்னால் வருகிறது. வண்ணம் கூடுகிறது, இசை கூடுகிறது, ஆலை திரையிலிருந்து மறைந்தே போகிறது. ஆனாலும் வலக்கை பழக்கத்தில் மீனை எடுத்து வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கேமரா கனவுலக லூயிஸின் கண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. அவன் முடிசூடப் போகிறான். அந்த முடிசூட்டுதான் அவன் சாவு. மனம் ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலும் இருக்கும் ஒரு மனிதனின் நிலையை ஆட்டக்காரரின் இரண்டு கைகளுக்கும் பிரித்துக் கொடுத்த இந்த வடிவமைப்பை, இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்றாகவே சொல்லலாம். 2018-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருது இதற்குக் கிடைத்தது.

தமிழர் வாழ்க்கையிலிருந்து வந்த ஒரு கேமும் இதே வழியில் நிற்கிறது. கனடாவின் டொரான்டோவில் அபி என்ற தமிழ் வடிவமைப்பாளர் தொடங்கிய விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’தான் அது. 1980-களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சுக் காட்சிகளில் வீட்டின் அறை நாடக மேடைபோலப் பக்கவாட்டில் தெரியும். சுற்றிப் பார்க்க முடியாது, ஊர் சுற்றவும் முடியாது. படங்கள் தட்டையானவை. கண்ணை நிறைக்கும் ஒன்றிப்போதலுக்கு இதில் இடமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும்.

சமையலறைக்குள் நுழைந்ததும் கேமரா அடுப்படிக்கு நெருங்கி வருகிறது. பாத்திரமும் தட்டும் மாவும் மட்டுமே திரையில். கையில் இருப்பது வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு. அது கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லி அவிக்க வேண்டும். எதற்குப் பின் எது என்பது பாதி தெரிகிறது, மீதியை ஆட்டக்காரரே யோசிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும் என்பதுதான் புதிர். தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தப் புதிரின் விடை கையிலேயே இருக்கும். இட்லியே பார்த்திராத ஒரு வெளிநாட்டுக்காரர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். இருவருமே அந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஊரில் அம்மாவின் பக்குவத்தை நினைவுகூர முயலும் ஒரு பெண்ணின் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். தவறாகச் செய்தால் திரும்பச் செய்யலாம்; மதிப்பெண் கிடையாது, கடிகாரம் கிடையாது. ரேடியோவில் அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் பாட்டு ஓடும்.

காலம் போய் கவின் வளர்ந்து வீட்டைவிட்டு விலகியபின், அதே அடுப்படியும் அதே குறிப்பேடும் அவன் கைக்கு வருகின்றன. அவனுக்குத் தமிழ் சரளமில்லை. அம்மாவுக்குப் புரிந்தது அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் புரிகிறது. முன்பு கை பழகியிருந்த வேலை இப்போது அந்நியமாகிறது. தாய்க்கும் மகனுக்கும் நடுவே விழுந்த இடைவெளி இப்படி ஆட்டக்காரரின் விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கேமரா இங்கே ஓரங்குலம்கூட வித்தை காட்டவில்லை, கைக்கு மிக நெருக்கமாக வந்து நின்றதோடு சரி. 2024-இல் இந்த கேம் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் விழாவின் முதன்மை விருதையும், அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது.

போனில் ஆடுபவருக்குக் கண்ணும் கையும் ஒரே கண்ணாடியில் வந்து சேருகின்றன. கட்டைவிரல், தான் தொடும் இடத்தையே மறைத்தும் விடுகிறது. ஓடவும் பார்க்கவும் திரையில் பொய்யான ஜாய்ஸ்டிக்குகளை வரைந்த கேம்களில் விரல் வழுக்கி ஆட்டக்காரர் தடுமாறுவார். 2012-இல் வந்த ‘தி ரூம்’ அந்த வழியே போகவில்லை. மேசைமேல் ஒரு விசித்திரமான பெட்டி. கேமரா அதைச் சுற்றி மட்டுமே வரும். சாவியைத் திருப்ப விரலை வட்டமாக நகர்த்த வேண்டும், இழுப்பறையைத் திறக்கத் தன் பக்கம் இழுக்க வேண்டும். கண்ணாடியைத் தொடுகிறோம் என்பது மறந்து மரத்தையும் பித்தளையையும் தொடுவதாகவே தோன்றும்.

2014-இல் வந்த ‘மான்யுமென்ட் வேலி’ பார்வைக் கோணத்தையே கையில் கொடுத்தது. கோபுரத்தின் ஒரு பகுதியைத் திருப்பினால், வெகுதூரத்தில் இருந்த இரண்டு படிகள் திரையில் ஒட்டினாற்போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் போதும், ஐடா என்ற இளவரசி அதில் நடந்துவிடுவாள். ஒரே படத்தில் பல கோணங்களை இணைக்கும் இந்தத் துணிச்சல் புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அங்கே தீட்டிய தாமரைக் குளம் மேலிருந்து பார்ப்பதுபோல விரிந்து கிடக்கிறது. அதில் உள்ள மீன்களும் யானைகளும் பூப்பறிக்கும் மனிதர்களும் பக்கவாட்டில் தெரிகிறார்கள். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற கணக்கை ஓவியர் விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் தெளிவாகத் தெரியுமோ அந்தக் கோணத்தில் வரைந்திருக்கிறார். ஆழத்தை அளந்து காட்டாத படத்திலும் கண் சுகமாக உலாவ முடியும் என்பதற்கு இது சான்று. சிறிய திரைக்காகத் தமிழில் சாகச கேம் செய்ய நினைப்பவர்கள் முப்பரிமாண நகரத்தைக் கட்டப் பணம் தேடுவதற்கு முன்னால் அந்த விதானத்தை ஒருமுறை பார்த்து வரலாம்.

ஒன்றிப்போதல் கலைவதற்கான காரணங்களும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலிருந்தே வருகின்றன. முக்கியமான கட்டத்தில் ஆட்டக்காரரின் கையைக் கட்டிப்போட்டு ஒரு குறும்படத்தை ஓட்டுவது அவற்றில் பழையது. 1998-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ அதைத் தவிர்த்து, மற்றவர்கள் பேசும்போதும் ஆட்டக்காரர் நடமாட விட்டது. பொருள்களின் பட்டியலும் வரைபடமும் திரையை மறைத்துக் கதையை நிறுத்துவது இன்னொன்று. 2016-இல் வந்த ‘ஃபயர்வாட்ச்’ வரைபடத்தையும் திசைகாட்டியையும் கதாநாயகனின் கையிலேயே கொடுத்தது. அதைப் பிரித்துப் பார்க்கும்போதும் அவன் காட்டில் நடந்துகொண்டே இருக்கலாம்.

தலைக்கவசம் போட்டு ஆடும், விஆர் எனப்படும் மெய்நிகர் கேம்களில் இந்தக் கணக்கு உடம்பையே தொடுகிறது. தலையைத் திருப்பினால் பார்வை திரும்புகிறது, கையை நீட்டினால் கை நீள்கிறது. அங்கேயும் முதல் நபர் பார்வை மட்டுமே வழி என்று இல்லை. 2018-இல் வந்த ‘மாஸ்’ கேமில் ஆட்டக்காரர் ஒரு பெரிய உருவமாக மேலிருந்து குனிந்து, குவில் என்ற சிறு எலியை வழிநடத்துகிறார். அவள் அவ்வப்போது நிமிர்ந்து ஆட்டக்காரரைப் பார்த்துக் கையசைப்பாள். அந்தப் பார்வை பட்டதும், தானும் அங்கே இருப்பது அவருக்கு உறுதியாகிவிடுகிறது.

கண் நடப்பதாகச் சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னால், பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். பேருந்தில் புத்தகம் படிப்பவருக்கு வருவதும் இதே முரண்பாடுதான், திசை மட்டும் தலைகீழ். விஆரில் இது அதிகம். சாதாரணத் திரையில் முதல் நபர் கேம் ஆடும்போதும் சிலருக்கு வரும். பார்வையின் அகலத்தைக் கூட்டுவது, நடக்கும்போது கேமரா மேலும் கீழும் ஆடுவதை நிறுத்துவது, திரையின் நடுவில் அசையாத புள்ளி ஒன்றை வைப்பது ஆகியவை சாதாரணத் திரையில் இதற்குக் கைகண்ட வழிகள். பல கேம்களின் செட்டிங்ஸ் பகுதியில் இவை இருக்கும். 2020-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ இன்னும் ஒரு படி போய், இடம்விட்டு இடம் சட்டென்று தாவும் முறையையும் தொடர்ந்து நகரும் முறையையும் சேர்த்தே தந்து, தங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்வதை ஆட்டக்காரர்களே எடுத்துக்கொள்ள விட்டது.